கழிவெண்ணெய் சிதையும், ஈயம் சிதையாது

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தபோது டீசல் பரல்கள் ஏற்றப்படுவதைப் பார்த்தேன். மாலையில் நான் திரும்பிய படகில் பாவித்த எண்ணெய் எதுவும் வரவில்லை. மின்பிறப்பாக்கிகளிலும் படகு இயந்திரங்களிலும் தேய்ந்த எண்ணெய் அப்போதிருந்து என் நினைவை விட்டுப் போகவில்லை.

சுன்னாகத்தை நாம் மறக்கவில்லை. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது பேச்செல்லாம் எண்ணெயைப் பற்றியே இருந்தது. எண்ணெயை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் காலப்போக்கில் தின்று சிதைக்கும். ஆனால் தேய்ந்த இயந்திரத்திலிருந்து எண்ணெய்க்குள் வரும் ஈயம், செம்பு, குரோமியம் போன்றவை உலோகங்கள். அவை சிதைவதில்லை, இடம் மட்டுமே மாறும்.

தொழிற்சாலைகளில் கசட்டிலிருந்து இவற்றைப் பிரிப்பதற்கு அமிலம்தான் வழமையான வழி. மூடிய தொட்டியில் கசட்டுடன் கந்தக அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2 வரை இறக்கினால் நாகம், கட்மியம், நிக்கல் கரைந்து நீருக்குள் வரும். வடித்தெடுத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்து பிஎச் அளவை 9 வரை ஏற்றினால் அவை மண்டியாகப் படியும். கந்தகத்தை உண்டு அமிலம் சுரக்கும் பற்றீரியாக்களைக் கொண்டும் இதைச் செய்யலாம்; மலிவு, ஆனால் நாட்கணக்கில் இழுக்கும். ஈயம்தான் முரண்டு பிடிக்கும். கந்தக அமிலம் பட்டதும் அது கரையாத வெள்ளைத் தூளாகிவிடும். அதற்கு நைத்திரிக் அமிலமோ, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் ஈடிடிஏ போன்ற இரசாயனமோ வேண்டும். கடைசியில் மிஞ்சும் மண்டியை உருக்காலைக்கு அனுப்ப வேண்டும், இல்லையேல் சீமெந்தில் கலந்து இறுக்க வேண்டும்.

நிலத்தில் ஊறிவிட்டால் எங்கள் ஊரில் இந்த வைத்தியம் பலிக்காது. எங்கள் தரை சுண்ணக்கல். ஊற்றிய அமிலத்தை அதுவே குடித்துவிடும், கல்லும் அரிபடும், அதே வெடிப்புகளால் அழுக்கு நன்னீருக்குள் இறங்கும். தீவகத்தில் அந்த நன்னீரும் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படைதான். சாட்டியிலிருந்து பவுசரில் வரும் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து மறுபடி பாவித்தோம். அப்போது எறிவதற்கே மனம் வராது. இப்போது நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் சூரிய, காற்று மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருக்கிறது. டீசல் புகை குறையும், நல்லது. ஆனால் அதில் மின்சேமிப்புப் பற்றரிகளும் உண்டு. வீடுகளில் இன்வேட்டருக்கு வைக்கும் ஈயப் பற்றரிகளோ ஏற்கெனவே வந்துவிட்டன. அப்படியொரு பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்.

அதனால் பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டைக் கேளுங்கள். ஆயுள் முடிந்த பற்றரியை யார், யாருடைய செலவில் படகேற்றுவது? கழிவெண்ணெய்ப் பரல் அதுவரை எந்தக் கூரையின் கீழ், எந்தச் சீமெந்துத் தளத்தில் இருக்கும்?