ஒன்பதாவது மோட்டார்

2018-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள மோன்ஸா நகரில், மற்றக் கார்களைப் போலவே சக்கரங்களும் இருக்கைகளும் விளக்குகளும் உடையதாய், ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட லெகோ துண்டுகளைப் பசையின்றி ஒன்றோடொன்று கோத்துச் செய்யப்பட்டதாய், ஒரு மோட்டார் கார் மக்கள் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. புகாட்டி சிரோன் என்னும் காரின் முழு அளவுப் பிரதி அது. ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ள அந்த வாகனம், ஓட்டுநர் ஒருவரைச் சுமந்துகொண்டு, மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் தன் சொந்தச் சக்தியால் ஓடிக் காட்டியிருந்தது. அதனுள்ளே இருந்தவை, குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டியில் வருகிற அதே ஜாதி மோட்டார்கள் 2,304.

இந்த எண்ணைக் கேட்டு வியக்காதவர் இரார். ஆயினும், கட்டளையிடும் கலையின் நோக்கில் பார்த்தால் அது சுலபமான காரியமே. ஊர் கூடித் தேர்வடம் பிடிக்கையில் ஆயிரம் கைகளும் ஒரே குரலுக்கு ஒரே திசையில் இழுப்பதைப் போல, அந்த மோட்டார்கள் அனைத்தும் ஒரே காரியத்துக்காகச் சுழன்றன. மேஜைமேல் ஒரு நகரத்தையே எழுப்பி, அதில் ராட்டினம் மெல்லச் சுற்றவும், தூக்குப் பாலம் கப்பல் வரும்போது மட்டும் உயரவும், கிரேன் வலமும் இடமும் திரும்பவும், இரண்டு ரயில்கள் இருவேறு வேகத்தில் ஓடவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கோ, முப்பது மோட்டார்களே பெருஞ்சோதனையாகிவிடும். முப்பதுக்கும் தனித்தனியே பேச வேண்டியிருக்கிறதல்லவா?

லெகோ ரயில்களில் 1991 முதல் பல ஆண்டுகள் தண்டவாளமே ஒன்பது வோல்ட் மின்சாரத்தைச் சுமந்தது. திருகைத் திருப்பினால் வண்டி விரையும். ஆனால் அதே பாதையில் இன்னொரு வண்டியை வைத்தால் அதுவும் சேர்ந்தே விரைந்து சேர்ந்தே நிற்கும். 2007-இல் வந்த ‘பவர் ஃபங்க்ஷன்ஸ்’ முறை, பாட்டரியை வண்டிக்குள்ளேயே வைத்துக் கட்டளையை மட்டும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரில் அனுப்பியது. அந்தக் கட்டளையின் சங்கேதத்தை, லெகோவைச் செய்யும் டென்மார்க்கு நிறுவனத்தார் ஒளிக்காமல் வெளியிட்டது, என் மதிப்பில், மோட்டார்களைச் செய்து விற்றதைவிடப் பெரிய உபகாரம். ஏனெனில் அதைப் படிக்கிறவர் எவரும் தாமே ஒரு ரிமோட்டைச் செய்துகொள்ளலாம்.

ரிமோட்டை அசைத்ததும், அதன் முனையிலுள்ள சிறு விளக்கு, விநாடிக்கு 38,000 தடவை துடிக்கும் கதிரைத் துண்டுதுண்டாக உமிழ்கிறது. ஒவ்வொரு துண்டும் ஆறே துடிப்புக்கள் கொண்டது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள மௌனம் குறுகியதாயின் பூஜ்யம், நீண்டதாயின் ஒன்று. இப்படிப் பதினாறு குறிகள் நந்நான்காக வருகின்றன. முதல் நான்கில் எந்தச் சானல் என்னும் விலாசம் இருக்கிறது, அடுத்த நான்கில் அந்தச் சானலின் இரு மோட்டார்களில் எது என்பது, மூன்றாவதில் வேகம். முன்னோக்கி ஏழு படி, பின்னோக்கி ஏழு படி, சும்மா விடுதல், பிடித்து நிறுத்துதல் என்ற பதினாறு நிலைகளும் நான்கு குறிகளுக்குள் மிகாமலும் குறையாமலும் பொருந்திவிடுவதைப் பார்க்கையில், இதை வகுத்தவர்களின் சிக்கனம் மனத்தைக் கவர்கிறது. கடைசி நான்கு, முன் சொன்னவை வழியில் சிதையவில்லை என்பதற்குச் சாட்சி. இவ்வளவும் 16 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். அதையே ஐந்து முறை திருப்பிச் சொல்கிறது ரிமோட். சொல்லும் இடைவெளி சானலுக்குச் சானல் வேறுபடுவதால், நான்கு குழந்தைகள் ஒரே கணத்தில் நான்கு ரிமோட்டுக்களை அழுத்தினாலும், ஒவ்வொருவர் கட்டளையும் ஏதேனும் ஒரு முறை தடையின்றிப் போய்ச் சேர இடமிருக்கிறது.

நான்கு சானல், சானலுக்கு இரண்டு. ஆக, எட்டு மோட்டார்களுக்கே தனி விலாசம் உண்டு. ஒன்பதாவது மோட்டார் வேறொன்றின் விலாசத்தைப் பகிர்ந்துகொண்டு, அது ஓடும்போதெல்லாம் தானும் ஓட வேண்டியதுதான். அன்றியும், கோபுரத்துக்குப் பின்னே மறைந்திருக்கும் மோட்டாருக்குக் கதிர் எட்டாது. நேர்வெயில் விழும் கூடத்திலோ சூரியனுடைய அகச்சிவப்பே ரிமோட்டை அமுக்கிவிடும். 2018-இல் வந்த புதிய முறை ப்ளூடூத் வானொலியை மேற்கொண்டதனால் மறைவும் வெயிலும் தொல்லையாக இல்லாமற்போயின. ஆனால் கட்டளையிடும் கைப்பேசி ஒன்று ஒரே சமயத்தில் தொடர்பில் வைத்திருக்கக்கூடிய, மோட்டார்களை இணைக்கும் பெட்டிகள் சிலவே. பார்வையாளர்களின் கைப்பேசிகள் நிறைந்த மண்டபத்தில் அந்த அலைகளுக்கு நெரிசலும் அதிகம்.

கட்டளை காற்றில் வரலாம், சக்தி வராது. காலை முதல் மாலை வரை நடக்கும் கண்காட்சியில் முப்பது மோட்டார்களுக்கும் பாட்டரி மாற்றிக்கொண்டிருக்க இயலாதாகையால், இடம் பெயராத ஒவ்வொரு மோட்டாருக்கும் எப்படியும் மின்கம்பி போயாக வேண்டும். அக்கம்பிக்குத் துணையாகவே கட்டளைக்கும் ஒரு கம்பியை இழுத்துவிடுவது உத்தமம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வானொலி, ஓடுகிற ரயிலுக்கு இருக்கட்டும். நாடக அரங்கின் விளக்குகளுக்காக 1986-இல் வகுக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். முறையில் ஒரே கம்பித் தொடரில் 512 விலாசங்களும், விலாசத்துக்கு 256 படிகளும் உண்டு. அரங்கில் விளக்கை மங்கச் செய்யும் எண்ணே, இங்கே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை விநாடிக்குப் பல நூறு தடவை விட்டுவிட்டுக் கொடுக்கும் சிறு சர்க்யூட்டின் வழியாகச் சுழற்சியின் வேகம் ஆகிவிடுகிறது.

இனி, மின்சாரத்தின் அளவு. லெகோவின் நடுத்தர மோட்டார் சுமையின்றிச் சுழல்கையில் ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர் உண்கிறது. அச்சு இறுகி நின்றுவிட்டாலோ 850 வரை போகும். ஓய்விலிருந்து புறப்படும் முதற்கணத்திலும் எந்த மோட்டாரும் இறுகி நின்றதற்குச் சமானமே. ஆகையால் முப்பதையும் ஒரே பொத்தானில் கிளப்பினால், ஒரு கணம் 25 ஆம்பியர் கேட்கப்படும், மின்னழுத்தம் சரியும், கட்டளை கேட்கும் சர்க்யூட்டுகளே மயங்கி மறுபடி தொடங்கும். அனுபவசாலிகள் ஒவ்வொன்றாக, சிறிது இடைவெளி விட்டுக் கிளப்புவது இதனால்தான்.

இறுகுதலுக்கு லெகோவிலேயே ஒரு பரிகாரம் உண்டு. 24 பற்களுள்ள வெள்ளைப் பற்சக்கரம் ஒன்றின் முகத்தில் 2.5, 5.0 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தனை நியூட்டன் சென்டிமீட்டருக்கு மேல் முறுக்கம் ஏறினால் அச்சை இறுக்காமல் வழுக்கிவிடும். தூக்குப் பாலத்துக்கு இது போதும். சிறு பந்துகளை ஒரு யந்திரம் அடுத்த யந்திரத்துக்குக் கைமாற்றிக்கொண்டே போகும் ‘கிரேட் பால் கான்ட்ராப்ஷன்’ என்ற தொடருக்கு இது போதாது. அங்கே விநாடிக்குச் சராசரி ஒரு பந்து வந்துகொண்டிருக்கும்; நடுவில் ஒரு மோட்டார் ஓய்ந்தால் அரை நிமிஷத்தில் முப்பது பந்துகள் அதன் கூடையில் குவிந்து தரையில் சிந்தும். ஆகவே கம்பி வழியில் ஆள்கிறவர்கள், ஓய்ந்த யந்திரத்துக்கு முன்னுள்ளவற்றை மட்டும் அவற்றின் விலாசங்களைச் சொல்லி நிறுத்திவிட்டு, பின்னுள்ளவற்றை, கையிலுள்ள பந்துகள் தீரும்வரை ஓடவிடுகிறார்கள்.