கடலுக்குப் போன கல்யாண நாள்

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைந்தது 2020 வைகாசியில். அதற்கு ஒரு வருஷம் முன்னாடியே நாங்கள் மூன்று பேரும் (ஃப்ரீமான்ட்டில் அண்ணன், எடிசனில் நான், ஹியூஸ்டன் பக்கம் கேட்டியில் தங்கை) பணம் போட்டு, பேயோனிலிருந்து பெர்முடா போகும் ஒரு குரூஸில் ஐந்து கேபின் புக் பண்ணி வைத்திருந்தோம். அம்மா கடலை ராமேஸ்வரத்தில் பார்த்தவள். கப்பலில் ஏறியதே இல்லை.

அந்தக் கல்யாண நாள் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். மார்ச் 14-ஆம் தேதியே சி.டி.சி. எல்லாப் பயணிகள் கப்பலையும் நிறுத்திவிட்டது. பணத்தைத் திருப்பி வாங்கியிருக்கலாம். ஆனால் கிரெடிட்டாக வைத்துக்கொண்டால் இருபத்தைந்து சதவீதம் கூடத் தருகிறோம் என்றார்கள். அவ்வளவுதான், எங்களுக்குள் இருந்த கணக்குப்பிள்ளை முழித்துக்கொண்டான். கிரெடிட் வாங்கினோம். 2021 முடிவதற்குள் உபயோகிக்க வேண்டும் என்ற வரியை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கப்பலில் தொற்று பரவினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் இல்லை நாங்கள். எங்கள் மூன்று வீட்டுக்கும் பக்கத்திலேயே நடந்த கதை அது. 2020 பிப்ரவரி 7-ஆம் தேதி பேயோனில் வந்து நின்ற ஆந்தம் ஆஃப் த சீஸ் கப்பலிலிருந்து நான்கு பேரை நூவர்க் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதே சமயம் யோக்கஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் மாட்டிக்கொண்டு நின்றது. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குத் தொற்று. அதில் வேலை பார்த்த நம்ம ஊர்ப் பையன்கள் காப்பாற்றச் சொல்லி அனுப்பிய வீடியோ எல்லார் வாட்ஸப்பிலும் சுற்றியது. அடுத்த மாதம் கிராண்ட் பிரின்சஸ். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய் போய்த் திரும்பிய கப்பலை உள்ளே விடாமல் கடலிலேயே நிறுத்தி, ஹெலிகாப்டரில் டெஸ்ட் கிட் இறக்கினார்கள். முதலில் பார்த்த 46 பேரில் 21 பேருக்குப் பாசிட்டிவ். மார்ச் 9-ஆம் தேதி அது கோல்டன் கேட் பாலத்தின் கீழே மெதுவாக நுழைந்து ஓக்லாண்டுக்குப் போனதை அண்ணன் டிவியில் பார்த்துக்கொண்டே எனக்கு ஃபோன் பண்ணினான். இறங்கியவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கை இருக்கும் டெக்ஸஸுக்கே, சான் அன்டோனியோ விமானப்படைத் தளத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த 21 பேரில் 19 பேர் ஊழியர்கள், பயணிகள் இரண்டே பேர்தான். இதை நாங்கள் அன்றே படித்தோம், உடனே மறந்தும் போனோம்.

2021 நவம்பரில் ஐந்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வந்தது. என் சின்னவனுக்கு ஒன்பது வயது, இரண்டு ஊசியும் ஆயிற்று. பெரியவர்கள் எல்லாரும் பூஸ்டர் போட்டாயிற்று. தங்கையின் மூன்று வயதுக் குட்டிக்குத்தான் ஊசி கிடையாது. அப்பாவுக்கு எழுபத்தேழு வயது, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். "இந்த வருஷம் விட்டா காசு போச்சு" என்றான் அண்ணன். "காசு போனாப் போகட்டும்டா, நான் அதுக்குச் சொல்லல. எல்லாரும் ஒண்ணா இருந்து ரெண்டரை வருஷம் ஆச்சு" என்றாள் அம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. டிசம்பர் 26, கால்வெஸ்டனிலிருந்து ஏழு ராத்திரி என்று முடிவானது.

அந்த வாரம் ஜெர்சியில் டெஸ்ட் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். ஒமிக்ரான் வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மூன்று ஊர் தாண்டிப் போய் வரிசையில் நின்றோம். எல்லாருக்கும் நெகட்டிவ். அப்படி ஒரு சந்தோஷம், பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி.

முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அம்மா காலையில் ஐந்தரைக்கே பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, "மார்கழிக் குளிரே இல்லடி" என்பாள். அப்பா பேரன் பேத்திகளோடு சீட்டு விளையாடினார்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், எனக்குத் தொண்டை கரகரத்தது.

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்று ராத்திரி எல்லாரும் பட்டுப் புடவை, கோட்டு என்று உடுத்திக்கொண்டு போகும் டின்னர். அம்மா ஐம்பதாம் கல்யாண நாளுக்கென்று 2020-இல் எடுத்த அரக்குப் புடவையை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கட்டினாள். ஏ.சி. காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னை அடைப்பார்கள், என் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் அடைப்பார்கள், விருந்து நின்றுபோகும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் மருத்துவ மையத்துக்கு ஃபோன் பண்ணினேன். பத்து மணிக்குப் பாசிட்டிவ். ஒரு மணி நேரத்தில் கீழ்த்தளத்தில் வேறு கேபின். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தங்கள் அறையிலேயே அடைபட்டார்கள். சாப்பாடு வாசலில் வைத்துவிட்டுத் தட்டுவார்கள். நாம் கதவைத் திறப்பதற்குள் ஆள் போயிருப்பார்.

அம்மா அறைக்கு அறை ஃபோன் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள். "எங்க தாத்தா சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போனப்போ மண்டபத்துல கேம்ப்ல நிறுத்தி வச்சு, உடம்பு சரியா இருக்குன்னு பார்த்துட்டுத்தான் கப்பல் ஏத்துனாங்களாம். உனக்கு அது தேவலையா?" சிலோன் அரசாங்கம் ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கமே நடத்திய அந்த முகாமில், தோட்டத்துக்குப் போன ஜனங்களை நாள் கணக்கில் வைத்திருந்து அனுப்பிய கதையை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

நாங்கள் சத்தமாகத் தமிழில் பேசுவதைக் கேட்டுத்தான் அந்தத் தம்பி நின்றிருக்க வேண்டும். கதவுக்கு வெளியிலிருந்து, "அக்கா, நீங்க தமிழா?" தூத்துக்குடிப் பையன். முகமூடி, மேலங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, அந்த நடைபாதையில் உள்ள தொற்றுக்காரர்கள் எல்லாருக்கும் சாப்பாடு வைப்பது அவன் வேலை. கதவு மூடியபடியே பேசினோம். 2020-இல் பயணிகளை இறக்கிவிட்ட பிறகு மூன்று மாதத்துக்கு மேல் கப்பலிலேயே கிடந்தானாம். எந்தத் துறைமுகமும் இறங்க விடவில்லை. கடைசியில் மும்பை வந்து, அங்கே ஓட்டலில் அடைபட்டு, ஊருக்குப் போனதும் வீட்டில் அடைபட்டு. "அப்புறம் ஏன் தம்பி திரும்ப வந்தே?" என்று கேட்டேன். "தங்கச்சி கல்யாணக் கடன் இருக்குக்கா. கூப்பிட்டாங்க, வந்துட்டேன்." மறுநாள் தட்டோடு ஒரு கிண்ணத்தில் மிளகு ரசம் இருந்தது. ஊழியர்கள் சமையலறையில் யாரிடமோ சொல்லி வைத்து வாங்கியிருக்கிறான்.

நாங்கள் கிரெடிட் வீணாகிறது என்று வந்தவர்கள். அவன் என் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை, டிசம்பர் 30, கேபின் டிவியில் செய்தி: தடுப்பூசி போட்டவர்கள்கூடக் கப்பல் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று சி.டி.சி. அறிவிக்கிறது. இரண்டே வாரத்தில் அமெரிக்கக் கப்பல்களில் ஐயாயிரம் பேருக்கு மேல் தொற்று. நடுக்கடலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தேன்.

ஜனவரி 2-ஆம் தேதி எல்லாரும் இறங்கிய பிறகு என்னைப் பின்வாசல் வழியாக இறக்கினார்கள். பிளேனில் ஏற முடியாது. கேட்டியில் தங்கை வீட்டு மாடியறையில் இருந்தேன். மறுநாள் சாயங்காலம் கீழே அப்பாவுக்குக் காய்ச்சல்.

ஆறு ராத்திரி. தங்கை இரண்டு மணிக்கொரு தடவை அவர் விரலில் ஆக்ஸிஜன் கிளிப்பை மாட்டிப் பார்த்து, மாடியில் இருக்கும் எனக்கு நம்பரை மெசேஜ் அனுப்புவாள். 95. 94. ஒரு ராத்திரி 91. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப செருப்புப் போட்டாயிற்று, திரும்பப் பார்த்தால் 94. அண்ணன் ஃப்ரீமான்ட்டிலிருந்து, "கப்பல்ல எத்தனையோ பேரு, யார்கிட்டேர்ந்து வந்துச்சோ" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா தேறிவிட்டார். குட்டிக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து எடிசனில் அப்பாவிடம் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார். "சொல்லியிருக்கலாம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி கப்பல்காரர்கள் எடுத்த ஃபோட்டோவை அம்மா பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறாள். பதினாலு பேரும் இருக்கிறோம், அரக்குப் புடவை பளபளக்கிறது. நான் அப்பா தோளில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறேன். அதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.