முந்திரியில் தேயிலைக் கொசு: இனங்காணும் முறை

முந்திரி மரத்தில் துளிர் கருகுவதைக் கண்டவுடன் மருந்துக் கடைக்குச் செல்வது நம் அங்கத்தினர்களிடையே வழக்கமாக இருந்து வருகிறது. ஆனால் துளிர் கருகுவதற்குக் காரணம் ஒன்றல்ல. பூச்சியாலும் கருகும், பூஞ்சாண நோயாலும் கருகும். பூச்சிக்குரிய மருந்து பூஞ்சாணத்தைத் தடுக்காது. பூஞ்சாணத்திற்குரிய மருந்து பூச்சியைக் கொல்லாது. காரணம் அறியாமல் வாங்கும் மருந்துக்குச் செலவாவது பெரும்பாலும் சங்கத்திலிருந்து பெற்ற கடன்பணமே. மகசூல் குறைந்தாலும் கடன் குறைவதில்லை. ஆகவே, முந்திரிக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கும் தேயிலைக் கொசுவை இனங்காணும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இது கொசு அன்று. செடிகளின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி வகையைச் சேர்ந்தது. தேயிலைத் தோட்டங்களில் இதன் இனத்தார் செய்யும் சேதத்தாலும், கொசுவைப் போன்ற மெலிந்த கால்களாலும் இப்பெயர் வந்தது. கொசுவுக்குச் சிறகு இரண்டு, இதற்கு நான்கு. இது மனிதரைக் கடித்து இரத்தம் குடிப்பதில்லை. இவ்வினத்தில் பல வகைகள் உண்டு. முந்திரியிலும் வேம்பிலும் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது ‘ஹெலோபெல்டிஸ் அந்தோனி’ என்பது. சிஞோரே என்ற பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் 1858இல் இதனை விவரித்துப் பெயரிட்டார்.

வளர்ந்த பூச்சி கால் அங்குல அளவே, அதாவது 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். தலை கறுப்பு, மார்பு செம்பழுப்பு, வயிறு கறுப்பும் வெள்ளையும் கலந்தது. தலையிலுள்ள உணர்கொம்புகள் உடலைவிட நீளமானவை. இந்த அடையாளங்களில் ஒன்றிரண்டு வேறு பூச்சிகளுக்கும் இருக்கலாம். ஆனால் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இதன் முதுகில் இருக்கிறது. மார்பின் பின்பகுதியில், குண்டூசியைத் தலை மேலாக நட்டு வைத்தாற்போல, நுனி பருத்த சிறு முள் ஒன்று நிமிர்ந்து நிற்கும். கூர்ந்து நோக்கினால் வெறுங்கண்ணுக்கே தெரியும். கைலென்சு இருந்தால் சந்தேகமே எழாது.

குஞ்சுகளுக்குச் சிறகில்லை. செம்மஞ்சள் நிறத்தில் எறும்பைப் போல் ஓடும். முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சுக்கு முதுகு முள் இராது. அடுத்தடுத்துத் தோலுரித்து வளரும்போது அது தோன்றும். முட்டைகளையோ எளிதில் காண இயலாது. தாய்ப்பூச்சி அவற்றை இளந்தண்டிலும் பூங்காம்பிலும் திசுவுக்குள் செருகி விடுகிறது. ஆயினும் ஒவ்வொரு முட்டையிலிருந்தும் நீளத்தில் ஒத்திராத இரண்டு மெல்லிய வெண்ணிழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லென்சின் துணையால் அவற்றைக் காணலாம். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக மூன்று, நான்கு வாரங்களே போதும்.

இனி, சேதத்தின் தன்மையைக் கவனிப்போம். குஞ்சும் வளர்ந்த பூச்சியும் துளிர், பூங்கொத்து, பிஞ்சு ஆகியவற்றில் குத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. அவற்றின் எச்சிலில் உள்ள நச்சுத்தன்மையால் குத்திய இடம் முதலில் நீர் கோத்தாற்போல் தோன்றிப் பின் பழுப்பாகிக் கறுக்கிறது. தண்டில் இவ்வடுக்கள் நீண்டு ஒன்றோடொன்று கூடுகின்றன, நுனி காய்கிறது, பூங்கொத்து கருகுகிறது, பிஞ்சு சுருங்கி உதிர்கிறது. ஒரே பூச்சி ஒரு நாளில் பல இடங்களில் குத்துமாதலால், சில பூச்சிகளே ஒரு கிளையைக் கருக்கிவிட வல்லவை. தாக்குதல் கடுமையானால் மகசூலில் 30 முதல் 40 சதவிகிதம் வரை இழப்பு நேரக்கூடும்.

குத்திய இடத்தில் பிசின் வடிவதைக் கண்டு, இது பூச்சியின் வேலையே எனத் தீர்மானிப்போர் உண்டு. அது போதிய சான்று ஆகாது. ஆந்திராக்னோஸ் என்னும் பூஞ்சாண நோயிலும் துளிர் கருகும், பிசினும் வடியும். பூச்சி குத்திய காயத்தின் வழியே பூஞ்சாணம் புகுவதும் உண்டு. எனவே வடுவைப் பார்ப்பதோடு நில்லாமல் பூச்சியையே தேடிக் காணவேண்டும். உச்சி வெயிலில் அது இலை நிழலில் ஒதுங்கிவிடும். அதிகாலையிலும் மாலையிலும் தேடுவது நலம். காய்ந்த நுனிகளை விட்டு, வடு இன்னும் ஈரமாக உள்ள புதுத்துளிர்களை ஆராய்க. பூச்சி இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

முந்திரி பயிரிடாத அங்கத்தினருக்கும் இதில் அக்கறை உண்டு. நெசவாளர் வீட்டு வாசலில் நிற்கும் வேம்பின் கொழுந்து கருகித் தொங்கினால், அங்கும் இதே பூச்சியைத் தேடிப் பார்க்கலாம். கொய்யா மரத்திலும் இது வாழும்.

பகைவனை அறிவதைப் போலவே நண்பனை அறிவதும் முக்கியம். முந்திரியில் பிற பூச்சிகளைக் கொன்று தின்னும் கொலைகார நாவாய்ப் பூச்சிகளும் உலவுகின்றன. அவற்றின் அலகு குட்டையாகவும் வளைந்தும் இருக்கும். முதுகில் குண்டூசி முள் இராது. சிலந்திகளும் நமக்கு உதவுபவையே. இலைகளை இழுத்துப் பிடித்து, தம் புழுக்களையே ஓடம்போல் இப்புறமும் அப்புறமும் செலுத்தி, அவை விடும் பட்டிழையால் கூடு தைக்கும் முசுறு எறும்புகளை நெசவாளர்கள் விரும்பிக் காண்பார்கள். அவ்வெறும்புகள் குடியிருக்கும் மரத்தில் தேயிலைக் கொசுவின் சேதம் குறைவு. வட ஆஸ்திரேலிய முந்திரித் தோட்டங்களில் இந்த எறும்பினத்தை இதற்கெனவே பேணியிருக்கிறார்கள். அறுவடைக்குச் செல்வோரை அவை கடிக்கும் என்பதும் உண்மையே. அத்தொல்லையை வரவோடு சேர்த்து எடை போடவேண்டும்.

கண்மூடித்தனமான மருந்தடிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு பகுதி சாட்சி. இதே பூச்சியை ஒழிப்பதற்காக அங்கு முந்திரித் தோட்டங்களின்மேல் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அவ்வூர்களின் மக்கள் அடைந்த துயரம் நாடறிந்தது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. மேலும், முந்திரிப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வன தேனீ முதலிய பூச்சிகளே. பூத்த மரத்தில் தேவையின்றி நஞ்சு தெளிப்பவர் தம் மகசூலையே குறைத்துக் கொள்கிறார்.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கது இதுவே. துளிர் விடத் தொடங்கியது முதல் பிஞ்சு பிடிக்கும் வரை வாரம் ஒருமுறை, மரத்தின் நான்கு புறங்களிலும் துளிர்களைப் பார்வையிடுக. ஐயத்திற்குரிய பூச்சியைப் பிடித்துச் சிறு புட்டியில் இட்டு, கருகிய துளிர் ஒன்றுடன் சங்கத்திற்குக் கொண்டுவருக. சங்கம் அதனை வேளாண்மை அலுவலரிடமோ, விருத்தாசலத்திலுள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்திடமோ காட்டி, ஏற்ற மருந்தையும் அளவையும் கேட்டறியலாம். ஒருவர் தோட்டத்தில் தெளிக்க, அடுத்தவர் தோட்டத்தில் பூச்சி தங்கியிருந்தால் அது சில நாட்களில் திரும்பிப் பறந்து வரும். அருகருகே உள்ளோர் கூடிப் பேசி, ஒரே சமயத்தில் நடவடிக்கை எடுப்பதே பலன் தரும். ஒரு கைலென்சின் விலை, ஒரு முறை தவறாக மருந்தடிக்கும் செலவைவிடக் குறைவு. ஒவ்வொரு சங்கமும் அதில் ஒன்றிரண்டை வாங்கி, அங்கத்தினரின் பொது உபயோகத்திற்கு வைத்திருப்பது நன்று.