ரோலர் மூடியை உயர்த்தும் நேரம்

இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்பதைப் பற்றி எழுதிய அளவுக்கு, அந்தக் கொழுந்தை ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், உருட்டும் ரோலரைப் பற்றி யாரும் எழுதவில்லை. தேயிலையின் குணத்தில் பெரும்பங்கு அங்கேதான் தீர்மானமாகிறது. இலையின் கலத்துக்குள் துவர்ப்புப் பொருள்கள் ஓரிடத்திலும், அவற்றை மாற்றும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. இலை கசங்கிக் கலம் உடைந்ததும் இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, பச்சை இலை செம்பு நிறமாகிறது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால் இலையை உருட்டவைத்தது இதற்காகத்தான்.

ரோலர் அந்தக் கையின் வேலையையே செய்கிறது. அடியில்லாத உருளை ஒன்று இலையைச் சுமந்தபடி வட்ட மேசைமேல் சுற்றிச் சுற்றி நகர, மேசையின் வரம்புகளில் புரண்டு இலை முறுகுகிறது. மேலிருந்து ஒரு மூடி அழுத்துகிறது. வியப்பு என்னவென்றால், அந்த அழுத்தம் இடைவிடாமல் இருக்கக்கூடாது. சில நிமிடம் மூடியை இறக்கினால் சில நிமிடம் உயர்த்தியாக வேண்டும். உரசலில் இலை சூடேறும்; சூடு மிஞ்சினால் மணம் கெடும். மூடி உயரும்போது இலைக்கட்டி தளர்ந்து காற்றுப் புகுகிறது. பிறகு சலித்து, பருமனானதை மறுபடியும் ரோலரில் இடுகிறார்கள். எவ்வளவு அழுத்தலாம், எத்தனை நிமிடம் என்பதை உருட்டுமுன் இலை வாடியிருக்கும் அளவும் அன்றைய வானிலையும் சொல்லும்.

இத்தனை பக்குவம் எதற்கு, சி.ரி.சி. இயந்திரம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மக்கர்ச்சர் உருவாக்கிய அந்த இயந்திரத்தில், பல்வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழன்று இலையை நொடிகளில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிவிடுகின்றன. சாயம் கடுமையாக இறங்கும், ஒரு கிலோவில் கூடுதல் கோப்பை கிடைக்கும், தேயிலைப் பைக்கும் தோதானது. அத்தனையும் உண்மை. ஆனால் நுவரெலியா, டிம்புள்ளத் தேயிலைக்கு விலை சாயத்தால் வரவில்லை, மணத்தால் வருகிறது. சி.ரி.சி.யில் குறைவது அந்த மணமே. இந்தியாவும் கென்யாவும் மலைமலையாகக் குவிக்கும் சி.ரி.சி. தேயிலையை நாமும் செய்து அவர்களோடு மலிவில் போட்டியிடுவது வீண் முயற்சி.

ஆனால் ரோலர் மட்டும் போதாது; முற்றிய இலையை எந்த ரோலராலும் திருத்த முடியாது. நாளுக்கு இத்தனை கிலோ என்று பறிப்பவர்மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால் கூடையில் முற்றல்தான் சேரும். பறிப்பவரிடம் எடையைவிடத் தரத்தைக் கேளுங்கள். மூடியை உயர்த்தும் நேரம் தெரிந்த ஸ்டோர்த் தொழிலாளியின் வேலையைத் தேர்ச்சி வேலையாகக் கணக்கிட்டு, அதற்குரிய சம்பளத்தைத் தோட்ட நிர்வாகங்கள் கொடுக்க வேண்டும்.