டாக் வாங்குவதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்கு

1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் வீதம் விநாடிக்கு 60 முறை அனுப்பினால் ஏறத்தாழ 3 ஜிகாபிட். 144 முறை அனுப்பினால் 7.2. கேமிங் லேப்டாப்போடு டாக் வழியாக வெளி மானிட்டர்கள் சேர்க்க நினைப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். 2560 × 1440 திரைக்கு 60 ஹெர்ட்ஸில் 5.3, 144-இல் 12.7. 4கே திரைக்கு 60-இலேயே 12. சட்டங்களுக்கு (ஃப்ரேம்களுக்கு) நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்தால் எல்லாமே இன்னும் கொஞ்சம் கூடும்.

கொடுக்கும் பக்கத்தில், எச்டிஎம்ஐ 1.4-இல் படத்துக்கு மிஞ்சுவது 8.16 ஜிகாபிட், 2.0-இல் 14.4. டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் 25.92. லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் வருவதும் பெரும்பாலும் இந்த டிஸ்ப்ளேபோர்ட்தான்.

பலரும் பணத்தை விடுவது இந்த டைப்-சியில்தான். அதில் அதிவேகத் தடங்கள் நான்கு. டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் நேர் கேபிளைச் செருகினால் நான்கும் படத்துக்கே. யுஎஸ்பி 3 போர்ட்டுகளும் உள்ள ஹப்பைச் செருகினால் பெரும்பாலும் இரண்டு தடங்கள் தரவுக்குப் போய்விடும். படத்துக்கு நிற்பது 12.96 ஜிகாபிட். 1920 × 1080 அளவில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இரண்டுக்கு 6 ஜிகாபிட், தாராளமாகப் போகும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இரண்டுக்கு 14.3 வேண்டும், போகாது. விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144 என்ற வரியே வராமல் குறைந்த வேகத்தில் நின்றுவிடலாம். மானிட்டர்மேல் குறை இல்லை. மலிவான ஹப்புகள் பலவற்றில் 4கே என்று பெரிதாகவும் 30 ஹெர்ட்ஸ் என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். 30 ஹெர்ட்ஸில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிவிநாடி; மவுஸை நகர்த்தினாலே சுட்டி பின்தங்கி வருவது தெரியும்.

எந்தப் போர்ட் எந்தச் சிப்பில் இணைந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பல மாடல்களில் எச்டிஎம்ஐ என்விடியா சிப்போடும், டைப்-சி பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடும் இணைந்திருக்கும். அப்படிப்பட்ட டைப்-சியில் மானிட்டரை மாட்டி கேம் ஆடினால், என்விடியா வரைந்த ஒவ்வொரு சட்டமும் பிராசஸர் பக்கம் நகலாகி வர வேண்டும். ஒரு சட்டம் 8.3 மெகாபைட், 144 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 1.2 ஜிகாபைட். தாமதம் கொஞ்சம்தான், ஆனால் வேகமான துப்பாக்கிச் சண்டையில் அது உறுத்தும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சரவுண்ட், பிசிக்ஸ் பக்கத்தைத் திறந்தால் எந்தத் திரை எந்தச் சிப்பில் தொங்குகிறது என்று படமாகவே காட்டும். கேம் ஆடும் மானிட்டர் என்விடியா பக்கம் இருக்கட்டும். அரட்டை, பிரவுசர் எல்லாம் மற்றதில்.

மின்சாரத்தில் பயப்பட ஒன்றுமில்லை. 24 அங்குல மானிட்டர் ஒன்று 20 வாட் என்று கொண்டால், இரண்டும் தினம் 8 மணி நேரம் ஓடினால் 0.32 யூனிட், மாதம் 10 யூனிட்டுக்குள். ஆனால் டாக் மூலமே லேப்டாப்புக்கும் மின்சாரம் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு சரிவராது. டாக்குகள் பொதுவாகத் தருவது 100 வாட்டுக்குள். கேமிங் லேப்டாப்பின் அடாப்டர் 180, 230, சிலவற்றில் 330 வாட். கேம் ஆடும்போது அந்தக் கனத்த அடாப்டரையும் மாட்டித்தான் ஆக வேண்டும். ஒரே கேபிளில் எல்லாம் முடியும் என்ற டாக்கின் பெரிய வசதியே இங்கே அடிபட்டுப் போகிறது.

நல்ல தண்டர்போல்ட் டாக்குக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். டைப்-சி–டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். எச்டிஎம்ஐ கேபிள் அதைவிடக் குறைவு. உங்கள் டைப்-சி படம் அனுப்புமா என்பதை மாடலின் விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு, இரண்டு மானிட்டரையும் நேர் கேபிளில் மாட்டுங்கள். மிஞ்சும் பணத்தை மானிட்டரில் போடுங்கள்.