தெளிந்த நீரும் தூய நீரும்

முன்னாளில் தமிழகச் சிற்றூர்களில் கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பர். சேறு அடியில் படியும். இன்று தில்லியின் வசீராபாத் போன்ற நீர் சுத்திகரிப்பு நிலையங்களில், படிகாரம் போன்ற பொருள்களைக் கலந்து ஆற்றுநீரின் சேற்றைப் படியவைக்கின்றனர்.

ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. வாந்திபேதி, குடற்காய்ச்சல் ஆகியவற்றைத் தரும் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே, தெளிந்த நீரை மணலில் வடிகட்டிக் குளோரின் கலக்கின்றனர். குழாய்நீரில் சிலவேளை எழும் மணம் அதனுடையதே.

நீர் வராத நேரத்தில், குழாயின் விரிசல் வழியே கழிவுநீர் உட்புகக்கூடும். எனவே, குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடிவைத்து, கைபடாமல் கைப்பிடியுள்ள குவளையால் முகந்து பருகுதல் வேண்டும்.

வினா: தெளிந்த நீரையும் காய்ச்சுவது ஏன்?