குதிரை ஈக்களை இனங்காண்பது எப்படி?

மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் மேய்ச்சலுக்குச் செல்லும் மாடுகளையும் எருமைகளையும் பெரிய ஈக்கள் கடித்து, இரத்தம் வடியச் செய்வதைக் கால்நடை வளர்ப்போர் அறிவர். கடிக்கும் ஈ எதுவானாலும் 'மாட்டு ஈ' என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் இவை யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எந்த ஈ என்று அறியாமல் தடுப்பு முறைகளைக் கையாண்டால் உழைப்பும் பணமும் வீணாகும்.

பிறப்பிடம் வேறு

வீட்டு ஈயின் அளவே உள்ள ஒரு கடிக்கும் ஈ, சாணமும் சிறுநீரும் கலந்து அழுகிய வைக்கோலில் முட்டையிடும். கொட்டிலைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் இது குறையும். குதிரை ஈயோ பருத்த உடலும் பெரிய கண்களும் உடையது. குளம், வாய்க்கால், சதுப்பு நிலம் ஆகியவற்றின் ஓரத்துச் செடிகளில் குவியலாக முட்டையிடும். இதன் புழுக்கள் ஈரச் சேற்றில் வளரும். ஆகவே கொட்டிலை மட்டும் சுத்தம் செய்வதால் குதிரை ஈ குறையாது.

நோய் பரவும் விதம்

பெண் ஈக்களே கடிக்கும். ஆண் ஈக்கள் பூந்தேனை உண்டு வாழும். பெண் ஈ கத்தி போன்ற வாயுறுப்புகளால் தோலைக் கிழித்து, கசியும் இரத்தத்தை உறிஞ்சும். வலி தாங்காத மாடு வாலால் விரட்டியதும், அருகில் நிற்கும் மாட்டின் மீது அமர்ந்து மீதியைக் குடிக்கும். அப்போது வாயில் ஒட்டியுள்ள இரத்தத்துடன் 'சர்ரா' நோயின் கிருமியும் சென்று சேருகிறது. இக்கிருமியை 1880-ஆம் ஆண்டில் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில் கண்டறிந்தார். விட்டுவிட்டுக் காய்ச்சல், இரத்தச் சோகை, உடல் மெலிவு ஆகியவை இந்நோயின் அறிகுறிகள்.

மூன்று பேரினங்கள்

உலகில் ஏறத்தாழ 4,400 குதிரை ஈ இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 200-க்கு மேற்பட்டவை உண்டு. முக்கியமான மூன்று பேரினங்களை இறக்கையைக் கொண்டே பிரித்தறியலாம்.

1. டபானஸ்: உருவில் பெரியவை. இறக்கை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இரைச்சலுடன் பறக்கும்.

2. ஹெமட்டோபோட்டா: சாம்பல் நிற இறக்கையில் வெளிர் புள்ளிகளும் வளையங்களும் நிறைந்திருக்கும். ஓசையின்றி வந்து, இறக்கையைக் கூரைபோல் மடித்து அமரும்.

3. கிரைசாப்ஸ்: இறக்கையின் குறுக்கே கரும்பட்டை இருக்கும். உணர்கொம்புகள் நீண்டவை.

பெண் ஈயின் இரு கண்களுக்கும் நடுவே இடைவெளி உண்டு. ஆண் ஈயின் கண்கள் பொதுவாக ஒட்டியிருக்கும்.

பேரினத்தை அறிவது எளிது. ஆனால் இனத்தை அறிய நெற்றியின் அகலம், உணர்கொம்பின் வடிவம், வயிற்றின் கோடுகள் என ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கெர்ட்ரூட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி கீழைநாடுகளின் டபானஸ் இனங்களை ஆராய்ந்து 1911-இல் வெளியிட்ட நூலாய்வு, இத்துறைக்கு அடிப்படை அமைத்த பணிகளுள் ஒன்று.

பெயர் தவறினால்

1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடியவர்கள், தென் அமெரிக்காவின் வடபகுதியில் அதே தோற்றமுள்ள பூச்சியைக் கண்டு, அதைத் தாக்கும் குளவிகளைக் கொணர்ந்தனர். பலன் இல்லை. அது வேறு இனம் என்பதை வகைப்பாட்டு வல்லுநர்கள் எடுத்துக்காட்டினர். உண்மையான பூச்சி 1981-இல் பராகுவேயில் கிடைத்தது. அங்கிருந்து வந்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியே பயிரைக் காத்தது. தமிழ்நாட்டு மரவள்ளியிலும் இம்மாவுப்பூச்சி புகுந்தபோது, 2022-இல் அதே குளவி இங்கும் விடப்பட்டது.

பயிற்சி முறை

இத்திறமை ஏட்டுப் படிப்பால் மட்டும் வருவதில்லை. இளைஞர் முதலில் வலை வீசிப் பிடிக்கவும், ஊசியில் குத்திப் பதப்படுத்தவும் பழக வேண்டும். ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு இல்லாத மாதிரி பயனற்றது. ஈ இறந்தபின் கண்ணின் வண்ணப்பட்டைகள் மங்கிவிடும் என்பதால், உயிருடன் இருக்கும்போதே அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இனங்காண் அட்டவணையைப் படிப்படியாகப் பின்பற்றி, இறுதியில் முதன்முதலாகப் பெயரிடப்பட்ட மூல மாதிரியுடன் ஒப்பிட வேண்டும். அனுபவமிக்க ஒருவரின் அருகில் அமர்ந்து பல ஆண்டுகள் பழகினாலன்றிக் கண்ணும் கையும் தேறா. மரபணுச் சோதனை பெரிதும் துணைபுரியும். ஆயினும் சரியாகப் பெயரிட்ட மாதிரியுடன் ஒப்பிட்டால்தான் அதற்கும் பொருளுண்டு. மூத்த வல்லுநர்கள் ஓய்வு பெறுமுன் இளைஞர்களைத் தயார் செய்யாவிடில், பெட்டிகளில் உள்ள பூச்சிகள் இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது.

கால்நடை வளர்ப்போர் செய்ய வேண்டியவை

மாடுகளைக் கடிக்கும் ஈக்களைப் பிடித்து, நசுக்காமல் உலர வைத்து, காகிதத்தில் மடித்து, ஊரும் தேதியும் எழுதி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கலாம். ஈத் தொல்லை மிகுந்த காலத்தில் மாட்டுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.